அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்

எங்கள் அண்ணிக்கு வாய் ஓயாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாத்தனார் வாயைத் திறந்தால் குறைதான் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சுக் கொடுத்து, அவர் இறங்குவதற்குள் அவருடைய மகன் எந்தப் பாடத்தில் மார்க் வாங்க மாட்டேன் என்கிறான் என்பது வரை தெரிந்துகொண்டு வருவார். தப்பான எண்ணுக்கு வந்த ஃபோனில் கூட நலம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார். என் அண்ணன் நேர் எதிர். அவர் பேசுவதில் பாதி "ம்". இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அண்ணியே பதில் சொல்லிவிடுவார்: "அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிடறேன். வேலை மிச்சம்."

அண்ணிக்கு வேலை ஒரு தொலைக்காட்சி நிலையத்தில். அடையாள அட்டையில் ஒப்பனைக் கலைஞர் என்று போட்டிருக்கும். அங்கே எல்லோருக்கும் அவர் மேக்கப் அக்காதான். தலை முழுக்க நரைத்த செய்தி ஆசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த அறைக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. கண்ணாடியைச் சுற்றி பல்புகள். நடுவில் ஏற்றி இறக்கும் நாற்காலி ஒன்று. அதன் கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும். உட்காருகிறவர்கள் பயத்தில் அந்தப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருப்பதால் கிழிசல் வளர்ந்துகொண்டே போகிறது என்றார் அண்ணி. தைத்துவிடலாமே என்றேன். "பாவம், கைக்கு ஏதாவது வேணுமில்ல?" என்றார்.

முகத்தில் வைப்பதற்கு முன்னால் ஸ்பாஞ்சைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொள்வார். அதுவரை பேச்சு. வீடு எங்கே, வரும்போது நெரிசலா, சாப்பிட்டாச்சா, எந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்குவீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வேண்டியதில்லை, கன்னத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனாலும் கேட்பார். கேட்டால் சிரிப்பார்கள், சிரித்தால் முகம் இளகும், இளகினால் பவுடர் ஒட்டும். இதுதான் அவருடைய தொழில் ரகசியம். இதைப் பஸ்ஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாரோ.

அந்த நிலையத்தில் வாரம் ஒரு மாலை நேரலையாக ஒரு நிகழ்ச்சி நடக்கும். தீயிலோ விபத்திலோ இயந்திரத்திலோ சிக்கி, பெரிய காயத்தோடு பிழைத்து வந்தவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுப்பார்கள். பார்க்கிறவர்கள் ஃபோன் செய்து பேசலாம். நடத்துகிறவருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் கைக்குட்டை. விருந்தினருக்குக் கண் கலங்கியதும், மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை ஒன்று அவர் பையிலிருந்து வெளியே வரும். ஒரு தடவை கூட நேரம் தப்பியது கிடையாது. நல்ல மனிதர்தான். சில சமயம் அவரும் அழுவார், அது நடிப்பில்லை, மேக்கப் கலைக்க வரும்போதும் கண் சிவந்திருக்கும் என்று அண்ணி அடித்துச் சொல்வார்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் டாக்டரிடம், வரவேற்பு மேசையில். காத்திருக்கிறவர்களுக்காக மாட்டியிருக்கும் டிவியில் அந்த நேரத்துக்கு அந்த நிகழ்ச்சிதான் ஓடும். அதனால் வாராவாரம் பார்த்துவிடுவேன். அண்ணி பார்த்ததே இல்லை. அது நடக்கிற நேரத்தில் அவர் அடுத்த செய்தி வாசிக்கப் போகிறவருக்கு முகம் போட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் சிரிப்புப் படம் தவிர வேறு எதற்கும் ரிமோட்டைக் கொடுக்க மாட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விருந்தினருக்கு மேக்கப் முடிந்து, காலர் மைக் மாட்ட அழைத்துப் போனதும், தயாரிப்பாளர் அம்மா மேக்கப் அறைக் கதவில் வந்து சாய்ந்துகொள்வார். கையில் இரண்டு ஃபோன், நிற்க நேரமில்லாத மனுஷி. ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் இருக்கும்.

"எப்படி இருக்காங்க அக்கா? எதைத் தொட்டா தாங்க மாட்டாங்க?"

அண்ணி சொல்வார். அந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, முகத்தில் இன்னொருவர் கை படப் படப் பேசுகிறவர்கள், வேறெங்கும் சொல்லாததை எல்லாம் சொல்லியிருப்பார்கள். இவருக்குத் தம்பி பேச்சை எடுத்தால் தாங்காது. அவருக்கு அந்த ஆஸ்பத்திரி வாசனை. இந்தப் பெண்ணிடம் கல்யாணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. "அதை மட்டும் கேட்டுடாதீங்க," என்று முடிப்பார். தயாரிப்பாளர் அம்மாவும் "சரிக்கா, சொல்லிடறேன்" என்று வேகமாகப் போவார்.

இதில் அண்ணிக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கே தெரிந்திருக்காது. எங்கள் டாக்டர் அறைக்குள் ஒருவரை அனுப்புவதற்கு முன், எந்தப் பக்கம் வலி என்று கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுவது என் வேலை. தெரியாமல் அந்தப் பல்லில் தட்டிவிடக் கூடாது என்பதற்குத்தானே. அண்ணியும் அதே வேலையைத்தான் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மாலை எங்கள் டிவியில் ஒரு சலவைத் தொழிலாளி வந்தார். பெரிய சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து முகம் வெந்து போனவர். நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். விளம்பர இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கைக்குட்டை குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு... இப்போ உங்க பக்கத்துல வர்றாளா?"

அந்த மனிதர் உதடு கோணியது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து மகள் கிட்டே வருவதில்லை என்று சொல்வதற்குள் அவரால் முடியவில்லை. கைக்குட்டை வெளியே வந்தது. எங்கள் கிளினிக்கில் வாய் நிறையப் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, சத்தம் போட முடியாமல் அழுதார். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் கொட்டினேன். "உங்க கைக்குட்டைக்கு மனசாட்சியே கிடையாதா அண்ணி? போயும் போயும் அந்த மனுஷன்கிட்ட பொண்ணப் பத்தியா கேப்பாரு? அப்படி ஒண்ணு இருக்குன்னு அவருக்கு எப்படித்தான் தெரியுமோ!"

அண்ணி தட்டு துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"எப்போ கேட்டாரு? தெரியாத்தனமா வாயில வந்துடுச்சா?"

"தெரியாத்தனமா? விளம்பரத்துக்கு முன்னாடி, குரலத் தாழ்த்தி, கையத் தொட்டுக் கேட்டாரு."

"நான்தான் சொன்னேன்," என்றார் அண்ணி. "கேக்காதீங்கன்னு சொன்னேன்."

முகம் சுண்டிப் போய்விட்டது. நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. எதையோ மனதுக்குள் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் என் ஃபோனைக் கேட்டார். பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் அதில் கிடைக்குமாமே என்றார். கட்டிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இயந்திரத்தில் விரல்கள் போன ஒரு பையன் வந்தான். கைக்குட்டை வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணி மெல்லச் சொன்னார்: "அவங்க அப்பா கிட்டார்." கைக்குட்டை கேட்டார்: "அப்பா வாங்கித் தந்த கிட்டார் இப்போ எங்க இருக்கு தம்பி?" அடுத்து, தீக்காயம் பட்ட ஒரு பெண். "கண்ணாடி," என்றார் அண்ணி. அவர் கேட்டார்: "கண்ணாடி முன்னாடி கடைசியா எப்போ நின்னீங்க?" ஃபோனைப் பிடுங்கி அணைத்தேன். அண்ணி அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேரு," என்று மட்டும் சொன்னார்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு "ம்" போடவில்லை. "வேலையை விட்டுடு," என்றார்.

"விட்டா இன்னொருத்தி வருவா. அவகிட்டயும் கேப்பாங்க. அவளும் நல்லது செய்யறதா நினைச்சுச் சொல்லுவா," என்றார் அண்ணி.

மறுநாள் அந்தச் சலவைத் தொழிலாளிக்கு ஃபோன் செய்தார். மன்னிப்புக் கேட்கத்தான் செய்தார். அவரோ பேசவே விடவில்லை. "நீங்க எவ்வளவு அன்பாப் பேசினீங்கம்மா, அங்க வந்ததிலேயே அதுதான் நல்லா இருந்துச்சு," என்றாராம். யாரோ வைத்தியத்துக்கு உதவி செய்ய முன்வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாராம். அண்ணி மென்று விழுங்கிவிட்டு ஃபோனை வைத்தார். அவர் திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது என்றார்.

தயாரிப்பாளர் அம்மாவிடம் நேராகவே கேட்டும் பார்த்தார். அந்த அம்மா ஒளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "அக்கா, அவங்க அழுதாத்தான் ஜனங்க ஃபோன எடுக்கறாங்க. கல்லு மாதிரி உக்காந்து பேசினா, அடுத்த சேனலுக்குப் போயிடுவாங்க. அந்த சலவைக்காரருக்கு உதவி எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் எனக்கு இன்று வரை முழுசாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு அழ வைத்தார்களா என்பது எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

அதன் பிறகு அண்ணி வாயை மூடிப் பார்த்தார். கதவில் வந்து கேட்டால், "நல்லாத்தான் இருக்காங்க," அவ்வளவுதான். அது பலிக்கவில்லை. மேக்கப் அக்கா பிடி கொடுக்கவில்லை என்றதும், தயாரிப்பாளர் அம்மா இரண்டு ஃபோனையும் பைக்குள் போட்டுவிட்டு, விருந்தினர் பக்கத்தில் தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தார். வாயைப் பிடுங்குவதில் அவர் அண்ணியை விடக் கெட்டிக்காரர். தயாரிப்பாளர் அம்மா உட்கார்ந்த அந்த வாரங்களில் விருந்தினர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுதார்கள். "நான் பேசினாலும் தப்பு, பேசாட்டாலும் தப்பு," என்று அண்ணி வீட்டில் புலம்பினார். கடைசியில், அந்த அம்மா ஸ்டூலில் உட்காராமல் இருப்பதற்காகவாவது ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைப்பது என்று ஆகிவிட்டது. மகளைச் சொல்லாமல் வேலையைச் சொல்வார், பெரிய வலியை மறைத்துச் சின்ன வலியைக் கொடுப்பார். அதையும் செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

அப்போதுதான் அந்தக் கண்டக்டர் அம்மா வந்தார்.

அவருடைய வேலையையும் விபத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். பஸ் கண்டக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து, வலது கை மணிக்கட்டோடு போயிற்று. நெற்றியிலிருந்து காது வரை தையல் போட்ட தழும்பு. வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். வலது பக்கச் சட்டைக் கையை மடித்து, ஊசி குத்தி ஒழுங்காக வைத்திருந்தார். ஒரு கையால் அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்றுதான் அண்ணிக்கு முதலில் தோன்றியதாம்.

"தழும்ப மறைக்கட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டார் அண்ணி. மறைக்காதீர்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணி கேட்டது அந்த அம்மாவிடம்.

"இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கு. ஆனா மூக்கு பளபளன்னு தெரியாமப் பண்ணிடுங்க, வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணி ஸ்பாஞ்சைக் கைக்குள் வைத்துச் சூடாக்கினார். கண்டக்டர் அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். அவசரக் கதவைப் பற்றித்தான். பஸ்ஸின் பின்பக்கம் இருந்த அந்தக் கதவின் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கு முன்னால் கூடுதலாக ஒரு இருக்கையும் போட்டிருந்தார்கள். பல தடவை சொல்லியும் டிப்போவில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதவு திறந்திருந்தால் பாதிப் பேர் நடந்தே வெளியே வந்திருப்பார்கள். "இதச் சொல்லத்தாம்மா வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல. இதைக் கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க," என்றார் அண்ணி. கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கண்டக்டர் அம்மாவின் இடது கை நாற்காலிக் கைப்பிடியில் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அண்ணி கண்ணுக்கடியில் மெல்ல ஒற்றிக்கொண்டிருந்தார். கண்ணை மூடியபடியே அந்த அம்மா வேறு ஒன்றைச் சொன்னார். பஸ்ஸுக்குள் நடந்த ஒரு விஷயம். வீட்டுக்காரரிடம் கூட அவர் சொல்லாதது. சொல்லி முடித்துவிட்டுத்தான், தான் சொல்லிவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்தது. பதறிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, இது வெளிய வரக் கூடாதும்மா. நான் தாங்கிக்குவேன், எனக்காக இல்ல. இது வெளிய வந்தா இன்னொரு வீட்டுல ஒருத்தி உயிரோட செத்துடுவா. இன்னிக்கு அவளும் டிவி முன்னாடிதான் உக்காந்திருப்பா. யாராவது நேரா கேட்டுட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. என் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்."

மைக் மாட்டுகிறவர் வந்து கூப்பிட்டார். அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் தயாரிப்பாளர் அம்மா கதவில் வந்து சாய்ந்தார்.

"எப்படி இருக்காங்க அக்கா? எதைத் தொட்டா தாங்க மாட்டாங்க?"

நல்லாத்தான் இருக்காங்க என்றால் இந்த அம்மா மைக் மாட்டுகிற இடத்துக்கே போய் உட்கார்ந்துவிடுவார். நேரம் இருக்கிறது. ஏதாவது ஒரு சின்ன வலியைச் சொல்லலாம் என்றால், எந்த வலியை இழுத்தாலும் அதன் நுனியில் அந்த விஷயம் வந்துவிடும் போல இருந்தது. அண்ணி யோசித்து வைத்துச் சொல்லவில்லை. வாயில் அதுவாக வந்தது என்றுதான் இன்று வரை சொல்கிறார்.

"கதவு," என்றார்.

"எந்தக் கதவு?"

"அவசரக் கதவு. அந்தப் பேச்ச எடுத்தாலே உடைஞ்சு போறாங்க. பாவம், உங்களுக்குப் புண்ணியமா போகும், அதை மட்டும் கேட்டுடாதீங்க."

"அப்படியா?" என்றார் தயாரிப்பாளர் அம்மா. அவருக்குமே கண் லேசாகக் கலங்கியதாம். வேகமாகப் போனார்.

அண்ணி முதல் தடவையாக அந்த நிகழ்ச்சியை நேரில் பார்க்கப் போனார். கையில் பவுடர் பஃப் இருந்தால் ஸ்டுடியோவில் யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். கேமராக்களுக்குப் பின்னால், தரையில் ஓடும் வயர்களை மிதிக்காமல் ஒரு ஓரமாக நின்றார். நான் எங்கள் கிளினிக்கில் நின்றுகொண்டு அதே நிகழ்ச்சியைப் பார்த்தேன். கதை எனக்குத் தெரியாது. எனவே எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வழக்கம் போலக் கைக்குட்டை வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி ஆரம்பித்தார். அந்த அம்மா முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு பதில் சொன்னார். எப்போது வருமோ என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர் முகம் அது. விளம்பரத்துக்கு முன்னால் கைக்குட்டை சாய்ந்தார், குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா... அந்தக் கதவு..."

அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தப்பு செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளையை, போ, வீட்டுக்குப் போ என்று அனுப்பினால் எப்படி இருக்குமோ அப்படி.

"கேக்க மாட்டீங்களோன்னு நினைச்சேங்க," என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். கொக்கி எப்படி இருக்க வேண்டும், எப்படி இருந்தது, முன்னால் போட்ட இருக்கை யாருடைய யோசனை. கைக்குட்டை விடவில்லை. விளம்பரம் முடிந்து வந்து மறுபடி கேட்டார், இன்னும் மெல்லிய குரலில்: "அந்தக் கதவு முன்னாடி நின்னப்போ உங்க மனசுல என்ன ஓடிச்சும்மா?"

"எண்ணெய் போட்டிருக்கலாமேன்னு ஓடிச்சுங்க."

எங்கள் கிளினிக்கில் ஒருவர் வீங்கின தாடையோடு சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. இடது கையைக் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டி, பஸ்ஸில் ஏறினால் முதலில் பின்பக்கம் போய் இந்தக் கதவு அசைகிறதா என்று பாருங்கள், அசையவில்லை என்றால் இறங்கிவிடுங்கள், கண்டக்டரோடு சண்டை போடுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றார். ஃபோன் வரிசையாக வந்தது. யாரும் அழவில்லை. அவரவர் பஸ்ஸைப் பற்றி, பிள்ளைகள் போகும் வேனைப் பற்றி, ஆபீஸ் படிக்கட்டைப் பற்றிக் கோபமாகப் பேசினார்கள். கைக்குட்டை பையில் கையை விட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். கடைசி வரை எதைத் தொட்டால் வரும் என்று பாவம், அந்தக் கதவையே தட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அந்த அம்மா மேக்கப்பைத் துடைக்க அதே நாற்காலிக்கு வந்தார். அண்ணி பஞ்சை எடுத்தார்.

"நீங்கதான கதவப் பத்திக் கேக்கச் சொன்னீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கேக்காதீங்கன்னு சொன்னேன்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அறை அதிரச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ, எனக்கு முன்னாடி இந்த நாற்காலில உக்காந்தவங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

அண்ணி எதுவும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சலவைத் தொழிலாளி, கிட்டார், கண்ணாடி. சொல்லும்போது அவர் கை நின்றுவிட்டது. கண்டக்டர் அம்மா சமாதானமும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பாதி துடைத்த முகத்தோடு, இருந்த ஒரு கையால் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் சொன்னது..." என்றார்.

"இங்கயே இருக்கு," என்றார் அண்ணி.

தயாரிப்பாளர் அம்மா அன்று போகும் வழியில் கதவில் நின்றார். "கதவுன்னு சொன்னீங்களே அக்கா. அவங்க இரும்பு மாதிரி உக்காந்திருந்தாங்களே."

"தப்பாச் சொல்லிட்டேன் போல."

"நீங்க தப்பாச் சொல்ற ஆளில்லையே," என்றார். அண்ணியைச் சிறிது நேரம் பார்த்தார். மேலே யாரிடமும் போட்டுக் கொடுக்கவில்லை. அதற்காக அந்த அம்மாவுக்கு என் மனதில் ஒரு இடம் உண்டு.

அண்ணி இப்போது வேறு மாதிரி வேலை செய்கிறார். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "எனக்கு ஓட்டை வாய். இங்க சொல்றது வெளிய போகும். அதனால, டிவில எதச் சொல்லணும்னு வந்தீங்களோ அத மட்டும் எங்கிட்ட சொல்லுங்க." அவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு, கதவில் வந்து கேட்பவரிடம் அதையே ஒப்படைக்கிறார், பாவம், அதை மட்டும் கேட்டுடாதீங்க என்று. ஒரு வாரம் பலிக்கிறது. இன்னொரு வாரம் கைக்குட்டை வேறு எதையோ தோண்டி எடுத்துவிடுகிறார். பலிக்காத நாளில் அண்ணி வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்வார். அண்ணன்தான் டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று திணறிக்கொண்டு நிற்பார். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும்.

இவ்வளவையும் அண்ணி எனக்குச் சொல்லிவிட்டார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வேலையையும் விபத்தையும் மாற்றி எழுது என்று சொன்னதும் அவர்தான். அந்த இன்னொரு வீட்டில் இருப்பவளும் வாசிக்கத் தெரிந்தவள்தானே என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி குளியலறைக் குழாயடியில் உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பழுப்பும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல குஷியில் இருந்தார். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"அண்ணி, அந்தக் கண்டக்டர் அம்மா அன்னிக்கு என்னதான் சொன்னாங்க?"

"அதுதான் சொல்றதுக்கில்லன்னு சொன்னேனே."

"நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்? முழுசா வேண்டாம், பாதி சொல்லுங்க. அந்த இன்னொரு வீட்டுல இருக்கறது யாரு? அதையாவது சொல்லுங்க அண்ணி."

அண்ணி குழாயை மூடினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் பார்த்தார்.

"நீ எப்படி நிக்கறேன்னு பாரு," என்றார்.

குனிந்து பார்த்தேன். கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். தலையையும் ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தேன்.

"அவங்கள அழ வைக்கறதுக்கா கேக்கறேன்? சும்மா தெரிஞ்சுக்கத்தானே?" என்றேன்.

"அங்க கதவுல வந்து சாயறவங்களும் சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேப்பாங்க, பல்லுக்காரி."

எனக்குச் சுருக்கென்றது. கதவை விட்டு நகர்ந்து உள்ளே போய் அவர் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன். அவர் கழுவிக் கொடுத்த பிரஷ்களை ஒவ்வொன்றாக வாங்கித் துண்டில் பரப்பினேன். அது என்னவென்று நான் அப்புறம் கேட்கவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.